சூப்பர்வைசர் சொல்லும் ‘ஜீன் குஞ்சு’: நம் ஷெட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

வேப்பூர் ஷெட்:
எல்லாருக்கும் வணக்கம். வேப்பூர் பக்கம் கம்பெனி ஒப்பந்தத்தில் கறிக்கோழி வளர்க்கிறேன். போன பேட்ச் லிஃப்டிங் (வளர்ந்த கோழியைப் பிடித்து வண்டியில் ஏற்றுவது) அன்று சூப்பர்வைசர் வந்து, அடுத்த பேட்ச்சிலிருந்து வருவது ‘ஜீன் டெக்னாலஜி’ குஞ்சு, நெஞ்சுக்கறி கூட விழும், தீவனம் குறைவாகத் தின்னும், அதனால் எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம்) கணக்கைக் கொஞ்சம் இறுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நமக்குக் கூலியே எஃப்.சி.ஆரை வைத்துத்தான், அதை இறுக்கினால் எங்கே வந்து நிற்கும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். இதை டீக்கடையில் சொன்னால், “மரபணு மாத்தின கோழியா, அதான் பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வருது” என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். இந்தக் குஞ்சில் உண்மையிலேயே மரபணுவைத் தொட்டிருக்கிறார்களா? தொட்டிருந்தால் எனக்கு என்ன லாபம்? வெயில் காலத்தில் கறி வெளுத்து நீர் விடுகிறது என்று கடைக்காரர்கள் சொல்லும் பழி கடைசியில் எங்கள் தலையில்தான் விழுகிறது, அதற்கு இந்த டெக்னாலஜி ஏதாவது செய்யுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
அண்ணே, முதல் கேள்விக்கு நேர் பதில், இல்லை. மரபணு மாற்றிய கறிக்கோழி எந்த நாட்டிலும் விற்பனையில் இல்லை. 2015-இல் அமெரிக்காவில் ஒரு மரபணு மாற்றக் கோழிக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் அதன் முட்டையிலிருந்து ஓர் அரிய நோய்க்கான மருந்துப் புரதத்தை எடுக்கத்தான், சாப்பிட அல்ல.

சூப்பர்வைசர் சொல்வது ஜீனோமிக் செலக்‌ஷன் என்ற முறையாக இருக்கும். ஜீனை வெட்டுவதும் இல்லை ஒட்டுவதும் இல்லை, படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். கோழியின் முழு மரபணுத் தொகுப்பை 2004-லேயே படித்துவிட்டார்கள், பறவைகளில் அதுதான் முதல். நம் காட்டில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெட்டையிலிருந்து எடுத்தது. நூறு கோடிக்கு மேல் டி.என்.ஏ. எழுத்துகள். அதில் கோழிக்குக் கோழி மாறுகிற இடங்களில் சில பத்தாயிரங்களை மட்டும் ஒரே தடவையில் பார்க்கும் சிப் பிற்பாடு வந்தது, 60,000 இடங்களைப் பார்க்கும் சிப் ஒன்று, அப்புறம் 2013-இல் 6 லட்சம் இடங்களுக்கு ஒன்று.

இதில் கறிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நெஞ்சுக்கறி எவ்வளவு, நிறம் எப்படி, நீர் பிடிக்குமா என்பதெல்லாம் அறுத்தால்தான் சரியாகத் தெரியும், அறுத்த சேவலை வைத்துக் குஞ்சு எடுக்க முடியாது. அதனால் முன்பெல்லாம் அதன் கூடப்பிறந்தவற்றை அறுத்துப் பார்த்து, அண்ணன் இப்படி இருந்தால் தம்பியும் ஏறக்குறைய அப்படித்தான் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் கூடப்பிறந்தவை எல்லாம் ஒன்றா? எந்தத் தம்பிக்கு எந்தத் துண்டு வந்தது என்று அந்த முறையில் தெரியாது. ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்து சிப்பில் ஓட்டினால் தெரிந்துவிடும். தீவனத்தைக் கறியாக்கும் திறன், நோய் தாங்குவது, அழுக்கான ஷெட்டில் பிழைப்பது என்று உயிரோடு அளக்கச் சிரமமான குணங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆனால் ‘அடுத்த பேட்ச்சிலிருந்து’ என்று அவர் சொன்னாரே, அதுதான் இடிக்கிறது. தேர்வு நடப்பது உச்சியில் இருக்கும் தூய வம்சங்களில். அங்கிருந்து கொள்ளுப்பாட்டி, பாட்டி, தாய் என்று படி இறங்கி உங்கள் ஷெட்டுக்கு வர நாலைந்து வருஷம் பிடிக்கும். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுமே தவிர ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் நடுவில் குஞ்சு திடீரென்று புதிதாகிவிடாது. ரகத்தையே மாற்றினால் வேறு விஷயம், அப்படியானால் ரகத்தின் பெயரையும் அதற்கான வளர்ச்சி அட்டவணையையும் எழுத்தில் கேளுங்கள். எஃப்.சி.ஆரை அப்புறம் பேசலாம்.

நெய்வேலி வட்டம் 20:
படித்துத் தேர்ந்தெடுத்தார்கள், சரி. அதற்காக ஐந்து வாரத்தில் இரண்டு கிலோவா? என் சின்ன வயதில் வீட்டுக் கோழி ஒரு கிலோ ஏற ஆறு மாதம் ஆகும். ஹார்மோன் ஊசி போடாமல் இது நடக்கும் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

வில்லியனூர் முன்னாள் ஃபீல்டு:
பல வருஷம் ஒரு கம்பெனியில் களத்தில் சுற்றியவன், இப்போது வெளியே வந்துவிட்டேன், அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஐயாயிரம் கோழி உள்ள ஷெட்டில் தினம் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட யார் வருவார்கள், கூலி யார் கொடுப்பார்கள்? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் பருப்பு மாதிரி செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதையும் திரும்பத் திரும்ப. ஒரு கோழியில் கம்பெனிக்கு நிற்கும் லாபம் அதற்குத் தாங்காது.

நம்பிக்கை வேண்டுமென்றால் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியிட்டதைப் பாருங்கள். 1957-இலும் 1978-இலும் இருந்த கறிக்கோழி வம்சங்களைத் தேர்வு எதுவும் செய்யாமல் அப்படியே காத்து வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005-ஆம் வருஷத்து ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், வளர்ப்பும் ஒன்றுதான். மாறியது ரத்தம் மட்டும்.

கெடிலக்கரை:
இதில் ஒரு சுவாரசியமான விஷயம். வேகமாக வளரும் கோழிகளில் சி.சி.கே.ஏ.ஆர். என்ற ஜீன் மந்தமாக வேலை செய்கிறது என்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்துக்காரர்கள் 2013-இல் காட்டினார்கள். வயிறு நிரம்பிவிட்டது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞையை வாங்குகிற புரதத்துக்கான ஜீன் அது. தலைமுறை தலைமுறையாக எடை கூடியதையே பிடித்துப் பிடித்து வைத்ததில், போதும் என்று சொல்லத் தெரியாத கோழியை, அப்படி ஒரு ஜீன் இருப்பதே தெரியாமல் நாம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதனால்தான் தாய்க்கோழிப் பண்ணையில் தீவனத்தை அளந்து, பாதிப் பசியிலேயே வைத்திருப்பார்கள். கேட்டபடி தின்னவிட்டால் கொழுத்து முட்டை குறைந்துவிடும். கேட்கிற நமக்கு ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனால் இந்தத் தொழிலில் அது தினசரி நடப்பு.

முத்தியால்பேட்டை கறிக்கடை:
ஜீன் எல்லாம் இருக்கட்டும், நான் என் கல்லாவிலிருந்து பேசுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் பெரிய போட்டு ஒன்றும் போகாது. மீன் விலை ஏறும், சனம் மொத்தமும் கோழிக்கு வரும். அதே நேரத்தில்தான் கத்திரி வெயில். ஞாயிற்றுக்கிழமை மதியம் வெட்டுகிற கோழியில் நெஞ்சுக்கறி சில சமயம் வெள்ளையாகத் தொளதொளவென்று வரும், கவரில் போட்டால் அடியில் தண்ணீர் நிற்கும். “ஐஸ் வைத்த கறியா” என்று வாடிக்கையாளர் கேட்கிறார், கண் முன்னால் வெட்டியது என்றாலும் நம்ப மாட்டார். கார்த்திகை, மார்கழியில் இந்தப் பேச்சே கிடையாது. இது குஞ்சின் கோளாறா, வளர்த்தவர் கோளாறா, ஏற்றி வந்தவர் கோளாறா?

கெடிலக்கரை:
பாய் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. சீசன் மாறினால் கறி மாறுகிறது என்றால் ஜீனை முதல் ஆளாகக் குற்றம் சொல்ல முடியாது, மே மாதக் கோழிக்கும் மார்கழிக் கோழிக்கும் ஒரே ஜீன்தானே.

உள்ளே நடப்பது இதுதான். தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். அறுத்த பிறகு ரத்த ஓட்டம் இல்லாமல் அது லாக்டிக் அமிலமாக மாறும், அதனால் தசையின் பி.எச். ஏழு சொச்சத்திலிருந்து மெதுவாக 5.8 பக்கம் இறங்கும். மெதுவாக இறங்கினால் கறி நன்றாக இருக்கும். வெயிலில் கூண்டில் இரைத்துக்கொண்டு, சிறகடித்துக்கொண்டு இருந்த கோழியை அறுத்தால் அந்த அமிலம் மளமளவென்று சேர்ந்துவிடும், உடம்பின் சூடு இறங்குவதற்கு முன்பே பி.எச். இறங்கிவிடும். சூடும் அமிலமும் சேர்ந்தால் புரதம் சிதைந்து நீரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடும். வெளுத்த நிறம், தொளதொளப்பு, கவரில் தண்ணீர், எல்லாம் இதன் விளைவுதான். பன்றியில் இதே கோளாறுக்கு ஒரே ஒரு ஜீன் காரணம் என்று 1991-இல் கண்டுபிடித்துச் சோதனை போட்டு ஒதுக்கிவிட்டார்கள். கோழியில் அப்படி ஒற்றைக் குற்றவாளி கிடைக்கவில்லை. எத்தனையோ ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன, அவற்றுக்கு மேலே வெயில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பாய், மதியத்துக்கு வேண்டிய கோழியையும் விடியற்காலையிலேயே வெட்டி முழுதாகக் குளிர வையுங்கள். முடியாது, உயிரோடுதான் கேட்கிறார்கள் என்றால் கூண்டை நிழலில் காற்றோட்டமாக வையுங்கள், தண்ணீர் காட்டுங்கள், வெட்டுவதற்கு முன் இழுத்துப் பிடித்து அடித்துச் சிறகடிக்க விடாதீர்கள். வேப்பூர் அண்ணன் பக்கத்தில் லிஃப்டிங் ராத்திரியில் நடக்க வேண்டும்.

வில்லியனூர் முன்னாள் ஃபீல்டு:
இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லாப் பழியையும் வெயில் மேல் போட்டால், ரகத்தை உருவாக்கும் வளர்ப்பாளர் கம்பெனிகள் தப்பித்துக்கொள்வார்கள். நெஞ்சுக்கறி மரக்கட்டை மாதிரி விறைத்துப்போவது, வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடுவது, இதெல்லாம் ஐம்பது வருஷம் முன்பு யாராவது பேசினார்களா? நெஞ்சுத் தசை நார்கள் வீங்கி வளர்கிற வேகத்துக்கு ரத்தக்குழாய் வளரவில்லை, உள்ளே ஆக்சிஜன் தட்டுப்பாடு, நார் செத்து அந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் சேர்கிறது. விறைத்த தசையில் எந்த ஜீன்கள் ஓடுகின்றன என்று ஆர்.என்.ஏ.வைப் படித்துப் பார்த்த ஆய்வுகளும் இதே ஆக்சிஜன் தட்டுப்பாட்டைத்தான் காட்டின. நெஞ்சுக்கறி, நெஞ்சுக்கறி என்று அதையே தேர்ந்தெடுத்ததன் பலன் இது.

கெடிலக்கரை:
தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை சார். ஆனால் ஒரே வம்சத்துக்குள் விறைத்த நெஞ்சு எவ்வளவு பரம்பரையாக வருகிறது என்று அளந்தபோது ஓர் ஆய்வில் மிகக் குறைவாக வந்தது, வெள்ளைக் கோட்டுக்கு அதைவிட அதிகமாக வந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்களில் வளர்ப்பாளர் கம்பெனி ஆட்களும் உண்டு, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வேறு வம்சத்தில் வேறு ஆய்வாளர்கள் அளந்தபோது எண் கூடுதலாக வந்தது. எனவே இன்னும் இழுபறிதான். அதோடு இது பெரிதும் மூன்று நான்கு கிலோவுக்கு வளர்த்து நெஞ்சைத் தனியாக விற்கிற நாடுகளின் தலைவலி. நாம் இரண்டு, இரண்டரை கிலோவில் பிடித்துவிடுகிறோம், எலும்போடு வெட்டிக் குழம்பு வைக்கிறோம். பாய் கடையில் வருவது வெளுத்த கறி, அது வேறு கோளாறு.

பாகூர் தாமரை:
நீங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடுங்கள், எங்களுக்கும் விஷயம் கிடைக்கிறது. நான் கொல்லையில் நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன், கொஞ்சம் கருங்கோழியும் உண்டு. கருங்கோழிக் குஞ்சு என்று வாங்கினால் பாதி கலப்பு. இதற்கு டி.என்.ஏ. சோதனை இருக்கிறதா? அப்புறம், மஞ்சள் தோல் இருந்தால்தான் நாட்டுக்கோழி என்கிறார்களே, அது உண்மையா? எங்கள் பக்கம் தீயில் வாட்டி மஞ்சள் தடவி விற்கிறார்கள், அதைப் பார்த்து டவுன்காரர்கள் ஏமாறுகிறார்கள்.

கெடிலக்கரை:
அக்கா, மஞ்சள் தோல் கதை நம் ஊர்ப் பெருமை. கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் தோலைக் கொடுக்கும் ஜீன் வகை அதிலிருந்து வரவில்லை, நம் தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்து வந்தது என்று 2008-இல் சுவீடன்காரர்கள் டி.என்.ஏ.வை வைத்துக் காட்டினார்கள். தீவனத்தில் வரும் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமியை உடைக்கிற ஒரு நொதி தோலில் மட்டும் ஓய்ந்துவிடுவதுதான் காரணம். ஆனால் அதை வைத்து நாட்டுக்கோழி என்று முடிவு கட்ட முடியாது, மஞ்சள் தோல் கறிக்கோழியும் உண்டு, மக்காச்சோளம் தின்றால் இன்னும் மஞ்சளாகும்.

கருங்கோழியின் கறுப்புக்குக் காரணம் 20-ஆவது குரோமோசோமில் ஈ.டி.என்.3 ஜீன் உள்ள துண்டு இரட்டிப்பாகியிருப்பது. அது ஓங்கும் குணம், அதனால் ஒரு பக்கம் மட்டும் கருங்கோழியாக இருந்தாலும் குஞ்சு கறுப்பாக வந்துவிடலாம், வியாபாரிகளுக்கு அதுதான் வசதி. அந்தத் துண்டு இரண்டு பிரதியிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்று பி.சி.ஆர். (ஒரு டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) போட்டுப் பார்க்க முடியும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று செலவு ஆகும், பத்துக் கோழிக்குக் கட்டுப்படியாகாது.

நெய்வேலி வட்டம் 20:
அப்படியானால் பிரியாணியில் என்ன கறி என்றும் பார்த்துவிடலாமா?

கெடிலக்கரை:
பார்க்கலாம், வெந்த கறியிலும் முடியும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கில் இருப்பதால் கொஞ்சமாவது தப்பிப் பிழைத்திருக்கும். 2018 நவம்பரில் எழும்பூர் ஸ்டேஷனில் பிடித்த கறியை நாய்க்கறி என்று ஊரே பேசியதே, சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆட்டுக்கறி என்றுதான் வந்தது. வதந்தி வந்த வேகத்தில் அந்த ரிப்போர்ட் போய்ச் சேரவில்லை.

வேப்பூர் ஷெட்:
எல்லாம் சரி கெடிலக்கரை டாக்டர், எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். ஐப்பசி மழையில் ஒரு பேட்ச், வெள்ளைக்கழிச்சல் மாதிரி தெரிந்தது, கழுத்தைத் திருகிக்கொண்டு சில கோழி. கம்பெனியிலிருந்து ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் தொண்டை மாதிரி) எடுத்துப் போனார்கள், “பி.சி.ஆர். பாசிட்டிவ், உங்கள் பயோசெக்யூரிட்டி (நோய் ஷெட்டுக்குள் வராமல் காப்பது) சரியில்லை” என்று கூலியில் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுத்திருந்தோம். இது நியாயமா?

கெடிலக்கரை:
இந்த இடத்தில்தான் மூலக்கூறு உயிரியல் உங்கள் கைக்கு நேராக வருகிறது அண்ணே. லசோட்டா உயிருள்ள தடுப்பூசி, அதுவும் அதே இன வைரஸ்தான். கொடுத்த ஒரு வாரத்தில் தொண்டையில் ஸ்வாப் எடுத்தால் சாதாரண பி.சி.ஆர். பாசிட்டிவ் காட்டாமல் என்ன செய்யும்? அந்த ஒரு வரி ரிப்போர்ட்டை வைத்து வெளி வைரஸ் வந்தது என்று சொல்லவே முடியாது. வைரஸின் எஃப் ஜீனில் வெட்டுப்படும் இடம் என்று ஒன்று உண்டு. கொல்லும் வைரஸில் அந்த இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் அடுக்காக இருக்கும், கோழி உடம்பின் எந்த உறுப்பும் அதை வெட்டித் திறந்துவிடும், அதனால் மூளை வரை போகும். லசோட்டாவில் அந்த அடுக்கு இல்லை, மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டும் பெருகிவிட்டு அடங்கும். எனவே அந்த இடத்தை சீக்வென்ஸ் செய்தார்களா, அதாவது எழுத்து எழுத்தாகப் படித்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் காகிதத்தைக் காட்டட்டும், செய்யவில்லை என்றால் பிடித்த கூலிக்கு அந்த ரிப்போர்ட் ஆதாரமே இல்லை. கழுத்துத் திருகல் இருந்ததால் வெளி வைரஸாகவும் இருந்திருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை.

வில்லியனூர் முன்னாள் ஃபீல்டு:
இதை வழிமொழிகிறேன். களத்தில் பல பேருக்கு இந்த வித்தியாசமே சொல்லிக் கொடுக்கப்படவில்லை. பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ், அவ்வளவுதான்.

இன்னொன்று, டீக்கடைக்காரர் தேடுகிற ‘மரபணு மாற்றம்’ கோழியில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது. வான்கோழியின் ஹெர்ப்பிஸ் வைரஸுக்குள் கம்போரோ என்ற கோழி நோயின் வைரஸில் உள்ள ஒரு ஜீனை வைத்துச் செய்த தடுப்பூசியை ஹேச்சரியில் முதல் நாளே கழுத்தில் போடுகிறார்கள், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதை அவ்வளவாகக் கெடுக்காது என்பது அதன் பெரிய வசதி. தீவனத்தில் போடும் ஃபைட்டேஸ் நொதி ஜீன் மாற்றிய நுண்ணுயிரியில் தயாராவது, சோயாவிலும் சோளத்திலும் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவித்து டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) செலவைக் குறைக்கும். 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு மத்திய அரசே அனுமதி கொடுத்தது. கோழி அதைத் தின்றால் அதன் ஜீன் மாறிவிடாது, நாம் கீரை தின்று பச்சையாகவில்லையே.

சிதம்பரம் எம்.எஸ்சி:
ஜீனைக் குறிவைத்துத் திருத்தும் கிரிஸ்பர் பற்றி யாரும் பேசவில்லையே? பறவைக் காய்ச்சல் வராத கோழி செய்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள்.

கெடிலக்கரை:
தம்பி, ‘வராத’ என்பது கொஞ்சம் அதிகம். 2023 அக்டோபரில் ராஸ்லினும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் பிர்பிரைட் ஆய்வு நிலையமும் சேர்ந்து வெளியிட்டது. வைரஸ் பெருகுவதற்குக் கோழியின் ஏ.என்.பி.32ஏ என்ற புரதத்தைக் கடன் வாங்குகிறது, அந்த ஜீனில் சின்னத் திருத்தம் செய்தார்கள். வழக்கமான அளவு வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிக்குத் தொற்றவில்லை. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பத்தில் ஐந்துக்குத் தொற்றியது, அதைவிட முக்கியம், வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு அதே குடும்பத்தின் வேறு இரண்டு புரதங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. மூன்று ஜீனையும் சேர்த்துத் திருத்தினால் தாங்குமா என்று செல் வளர்ப்பில் பார்த்தார்கள், கோழியில் அல்ல.

கோழியில் இந்த வேலையே கடினம். முட்டை வெளியே வரும்போது உள்ளே கரு ஆயிரக்கணக்கான செல்லாகிவிட்டிருக்கும், ஒற்றைச் செல்லில் கை வைக்க முடியாது. அதனால் கருவின் ரத்தத்தில் ஓடும் ஆதி இனச் செல்களை (பின்னால் விந்தாகவோ முட்டையாகவோ ஆகப்போகும் செல்கள்) எடுத்து, தட்டில் வளர்த்து, திருத்தி, வேறு கருவில் செலுத்தி, அதன் பிள்ளைகளில் தேட வேண்டும். 2020-இல் கொரியாவில், தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் ஜீனை நிறுத்தி, தசை கூடின கோழியும் செய்தார்கள். ஏற்கெனவே நெஞ்சு ரத்தம் போதாமல் விறைக்கிற பறவைக்கு இன்னும் தசையா என்று வில்லியனூர் சார் கேட்பார், அந்த இடத்தில் நானும் அவர் கட்சிதான்.

நம் நாட்டில் 2022-இல் தளர்வு கொடுத்தது வெளி ஜீன் சேர்க்காத திருத்தப் பயிர்களுக்குத்தான், கோழிக்கு அல்ல.

பாகூர் தாமரை:
வெயிலுக்கு ஏதாவது செய்யுங்கள் சாமி. கழுத்தில் இறகில்லாத கோழி எங்கள் கொல்லையில் கத்திரியிலும் தெம்பாகத் திரிகிறது.

கெடிலக்கரை:
அதுவும் ஒரு ஜீன் வேலைதான் அக்கா. பி.எம்.பி.12 என்ற புரதம் தோலில் அதிகமாகச் சுரந்து, கழுத்தில் இறகு முளைப்பதைத் தடுத்துவிடுகிறது, 2011-இல் கண்டார்கள். இறகு குறைந்தால் சூடு வெளியேறும். உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள பறவை ஆராய்ச்சி மையத்தில் இந்தக் குணத்தைக் கறிக்கோழிக்குள் கொண்டுவந்து ரகமே செய்தார்கள். ஆனால் மொட்டைக் கழுத்துக் கோழியைக் கடையில் பார்த்தால் வாங்குவார்களா என்று பாயைத்தான் கேட்க வேண்டும்.

முத்தியால்பேட்டை கறிக்கடை:
உரித்துவிட்டால் எல்லாக் கழுத்தும் மொட்டைதான்! உயிரோடு பார்த்து எடுக்கிறவர்கள் நோய்க் கோழி என்று ஒதுக்குவார்கள்.

வேப்பூர் ஷெட்:
சூப்பர்வைசரிடம் ரகத்தின் பெயரும் அட்டவணையும் கேட்டேன். ரகம் அதேதானாம், “மேலிடத்தில் சொன்னதைச் சொன்னேன்” என்கிறார். சீக்வென்ஸ் பற்றிக் கேட்டதற்கு லேபில் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை நானே மாதிரி அனுப்ப வேண்டுமென்றால் எப்படி எடுப்பது?

கெடிலக்கரை:
தொண்டையிலும் ஆசனவாயிலும் தனித்தனி ஸ்வாப், அதற்கென்று உள்ள திரவக் குழாயில் போட்டு ஐஸ் பெட்டியில் அன்றைக்கே போக வேண்டும். செத்து நேரமாகி ஊதின கோழி வேண்டாம், நோயோடு உயிராக இருப்பதிலிருந்து எடுங்கள். பி.சி.ஆருக்கு அனுப்புவதை ஃபார்மலினில் போடாதீர்கள். தடுப்பூசி கொடுத்த தேதி, எந்த வகை என்று சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான், இந்தச் சோதனையை இப்போது எடுக்கிறார்களா என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரே நாளில் கொத்துக் கொத்தாகச் செத்து, கொண்டை நீலமாகி, முகம் வீங்கினால் மட்டும் நீங்களாக எதையும் எடுக்க வேண்டாம். ஷெட்டைப் பூட்டிவிட்டு உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்பதால் அந்த சாம்பிள் போபால் ஆய்வகத்துக்குப் போக வேண்டியது.

வேப்பூர் ஷெட்:
சரி டாக்டர். லிஃப்டிங்கை ராத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வண்டி கிடைக்காது என்கிறார்கள். இந்தப் பக்கம் ராத்திரி லிஃப்டிங்குக்குக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.